திரையில் தெரிவதும் கையில் கிடைப்பதும்

(ஸ்கந்தபுரத்தில் உயர்தர மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலக உத்தியோகத்தர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினித் திரையில் எழுத்தாகத் தெரிகிற ஒரு தகவலை, கண்ணால் பார்த்துத் திரும்பவும் தட்டச்சு செய்யாமல், ஒரு செய்நிரலின் மாறிக்குள் எடுத்து வைத்து, வேண்டிய இடமெல்லாம் பயன்படுத்துவது எப்படி? இன்று நான் கதைக்கப் போவது இதைப் பற்றித்தான். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கு மாறி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெறுமதியைக் கணினி நினைவில் வைத்திருக்க நாம் கொடுக்கிற பெயர்தான் மாறி. பெயரைச் சொன்னால் பெறுமதி வரும். ஒருமுறை வைத்துவிட்டால் எத்தனை முறையும் எடுக்கலாம்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றினால், அலுவலகத்தில் வேலை பார்க்கிற உங்கள் அக்காவிடமோ மாமியிடமோ அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பழைய செயலியின் திரை, மறுபக்கம் எக்செல். இங்கே பார்த்து அங்கே அடிப்பார். அங்கே அடித்ததை இன்னொரு படிவத்தில் அடிப்பார். மாதக் கடைசியில் அதே எண்களைக் கூட்டி அறிக்கையில் மூன்றாம் முறை அடிப்பார். கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், பக்கத்து மேசையில் இருந்த அக்கா ஒருவர் மர அடிமட்டத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வேலை செய்வார். பார்க்கிற வரிக்குக் கீழே அடிமட்டத்தைப் பிடித்தால் கண் அடுத்த வரிக்கு வழுக்காது. ஒரு வரியை அடித்து முடித்ததும் அடிமட்டத்தை ஒரு விரற்கடை கீழே இறக்குவார். அவர் நல்ல கெட்டிக்காரி. பகல் முழுவதும் அந்தக் கெட்டித்தனம் அடிமட்டம் இறக்குவதில் செலவானது. அவர் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்யத்தான் கணினியையே உண்டாக்கினார்கள்.

அந்தத் திரை எங்கிருந்து வந்தது? 1928இல் ஐபிஎம் நிறுவனம் துளையிட்ட அட்டையில் 80 நிரல்கள் வைத்தது. அந்த 80 அப்படியே திரைக்கும் வந்து சேர்ந்தது. 1971இல் ஐபிஎம் 3270 வரிசை முனையங்கள், அதாவது தூரத்துக் கணினியோடு இணைந்த திரையும் விசைப்பலகையும், வந்தன. அவற்றில் மிகப் பரவிய அளவு 24 நிரை, 80 நிரல், மொத்தம் 1920 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. 1978இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் விடி100 முனையமும் 24 நிரை, 80 நிரலில்தான் வந்தது. இன்றைக்கு நீங்கள் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு டெர்மினல் சன்னலைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே அளவில்தான் திறக்கும்.

உலகம் முழுக்க வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் விமான நிறுவனங்களும் இப்படிப்பட்ட திரைகளில்தான் ஓடின. இன்றும் பல ஓடுகின்றன. தமிழ்நாட்டில் அகதியாக இருந்த காலத்தில் எழும்பூரிலோ சென்ட்ரலிலோ ரயில் முன்பதிவுக்கு வரிசையில் நின்றவர்கள் இங்கே இருப்பீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுத்து மட்டுமே தெரிகிற திரை ஒன்று இருந்திருக்கும். இந்திய ரயில்வே 1985இல் டெல்லியில் இம்ப்ரெஸ் என்ற பெயரில் கணினி முன்பதிவைத் தொடங்கியது. அதற்குப் பின் செகந்திராபாத்தில் கான்சர்ட் என்ற மென்பொருள் உருவானது. 1999 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் இணைந்தன. இவ்வளவு பெரிய அமைப்பை ஒரே இரவில் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக எழுத யாராலும் முடியாது. பழைய அமைப்பைத் தொடாமல் அதன் திரையிலிருந்து தகவலை எடுக்க வேண்டிய தேவை இப்படித்தான் பிறந்தது.

முதலில் வந்தது, திரையில் எந்த இடம் என்று எண்ணால் சொல்லி எடுக்கிற ஆயத்தொலை வழி. 1980களில் தனியாள் கணினிகள் அலுவலகங்களுக்கு வந்தபோது, 3270 முனையத்தைப் போலவே நடிக்கிற மென்பொருளைக் கணினியில் ஓட்டினார்கள். அந்தப் போலி முனையத்தோடு வேறொரு செய்நிரல் பேசுவதற்கு எச்எல்எல்ஏபிஐ என்ற இடைமுகத்தை ஐபிஎம் கொடுத்தது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண். 3 என்றால் விசையை அழுத்து. 4 என்றால் காத்திரு. 5 என்றால் முழுத் திரையையும் நகலெடு. 6 என்றால் திரையில் ஒரு சொல்லைத் தேடு. 8 என்றால் இந்த இடத்திலிருந்து இத்தனை எழுத்தை எடுத்து என் சரத்துக்குள் போடு. 1920 கட்டங்களையும் ஒரே நீளக் கோடாக எண்ணுவார்கள். ஏழாம் நிரையில் 21ஆம் நிரலில் ஒரு பெயர் தொடங்குகிறது என்றால், அதற்கு முன் ஆறு நிரைகள், ஆறு எண்பது 480, அதோடு 21, ஆக 501ஆவது கட்டம். 501இலிருந்து 30 எழுத்தை எடு என்றால் பெயர் மாறிக்குள் வந்துவிடும். பின்னால் வந்த மென்பொருள்களில் நிரை, நிரல், நீளம் என்று நேரடியாகவே கொடுக்கலாம். கணக்கு அதேதான்.

மிக எளிது. இந்த எளிமையை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் நாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்துமாக 10 இடம் பிடிக்கும். 2016இலிருந்து வழங்குவது 12 இலக்கம். முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். பிறகு நான்கு இலக்கத் தொடரெண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். இப்போது யோசியுங்கள். 2016க்கு முன் யாரோ எழுதி வைத்த செய்நிரல், அடையாள அட்டை இலக்கத்துக்கு 10 எழுத்தை எடு என்கிறது. புதிய இலக்கம் திரையில் முழுதாகத்தான் தெரியும். மாறிக்குள் வருவது முதல் பத்து மட்டும். தொடரெண்ணின் கடைசி இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும் வெளியே நின்றுவிடும். கணினி எந்தப் பிழையும் சொல்லாது, ஏனென்றால் கேட்டது பத்து, கொடுத்தது பத்து. ஒரே நாளில் பிறந்த இரண்டு பெண்கள் அந்தப் பட்டியலில் ஒரே ஆளாகிவிட இடமுண்டு. அதில் ஒருத்திக்கு வரவேண்டிய கொடுப்பனவு நின்றுபோனால், எங்கே போய் என்னவென்று கேட்பாள்?

தொலைபேசி இலக்கத்திலும் இதே கதைதான். திரையில் சைபரில் தொடங்குகிற பத்து இலக்கம். அதை எண் வகை மாறிக்குள் போட்டால் முன் சைபர் போய்விடும். கூட்டிக் கழிக்கப் போகிற ஒன்றை மட்டும் எண்ணாக வையுங்கள். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கிலக்கம் எல்லாம் எழுத்துச் சரங்கள். பார்வைக்கு எண் போல இருந்தாலும் சரங்கள்தான்.

ஆகவே இடத்தை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். எடுக்கும் முன் எந்தத் திரையில் நிற்கிறோம் என்று பாருங்கள். மேல் மூலையில் திரையின் தலைப்பு இருக்கும். அது நாம் எதிர்பார்த்த தலைப்பா? எடுக்கப் போகிற இடத்துக்கு முன்னால் ‘கணக்கிலக்கம்’ என்ற சிட்டை அப்படியே இருக்கிறதா? எடுத்தபின் அதன் உருவத்தைச் சோதியுங்கள்: பத்தா, பன்னிரண்டா, இரண்டும் இல்லையா? இரண்டும் இல்லையென்றால் செய்நிரல் நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். பிழையோடு தொடர்ந்து ஓடுகிற செய்நிரல், நின்றுபோன செய்நிரலை விடப் பல மடங்கு கேடு செய்யும்.

நேரமும் ஒரு சிக்கல். நீங்கள் எண்டர் விசையைத் தட்டியதும் புதிய திரை அந்தக் கணமே வருவதில்லை. 3270 திரையில் ஆகக் கீழே ஒரு நிலைவரி உண்டு. தூரத்துக் கணினி யோசித்துக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு பெருக்கல் குறியும் கடிகாரப் படமும் தெரியும், விசைப்பலகை பூட்டியிருக்கும். மனிதக் கண் அதைப் பார்த்துத் தானாகக் காத்திருக்கும். செய்நிரலுக்கு அந்தப் பொறுமையை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் முந்தைய ஆளின் கணக்கு மீதியை எடுத்து இந்த ஆளின் பெயரில் போட்டுவிடும். அரை விநாடி நில் என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வலையமைப்பு மெதுவாகிற ஒரு நாளில் அந்த அரை விநாடி போதாது. கடிகாரத்துக்காகக் காத்திருக்காமல், திரையில் வரவேண்டிய அடையாளம் வந்ததா என்பதற்காகக் காத்திருப்பதே முறை.

இந்தக் காத்திருப்பையே ஒரு மொழியாக்கியவர் டான் லிப்ஸ். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 1990இல், எக்ஸ்பெக்ட் என்ற கருவியை வெளியிட்டார். பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிசிஎல் மொழியின் மேல் அது கட்டப்பட்டது. அதில் எழுதுவது ஓர் உரையாடலை எழுதுவது போலவே இருக்கும்: இந்தச் சொல் வரும்வரை காத்திரு, வந்ததும் இதை அனுப்பு, அடுத்த கேள்வி வரும்வரை காத்திரு. காத்திருக்கும் கோலத்தில் ஒரு பகுதியை அடைப்புக்குறிக்குள் போட்டால், பொருந்திய எழுத்துகள் ஒரு மாறிக்குள் தாமாக வந்து விழும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நாம் சொல்லாவிட்டால் 10 விநாடி காத்திருக்கும். கடைசி 2000 பைட்டுகளை மட்டும் நினைவில் வைத்திருக்கும். அதைவிட நீளமாக வந்தால் பழையது கைவிட்டுப் போகும். இந்த இரண்டு எண்களையும் தெரியாமல் எக்ஸ்பெக்டைப் பிடித்து அழுதவர்கள் ஏராளம். இன்று பைதனில் அதே எண்ணம் பெக்ஸ்பெக்ட் என்ற தொகுதியாகக் கிடைக்கிறது. பைதன் தெரிந்த உயர்தர மாணவர் ஒரு மாலைப்பொழுதில் அதைப் பழகிவிடலாம்.

அதற்கும் முன்னால் யூனிக்ஸ் உலகில் ஒரு நேர்த்தியான வழி இருந்தது. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லில், ஒரு கட்டளையைப் பின்சாய்ந்த மேற்கோள் குறிகளுக்குள் எழுதினால், அந்தக் கட்டளை திரையில் காட்டவேண்டியதெல்லாம் திரைக்குப் போகாமல் நேரே மாறிக்குள் போகும். கோர்ன் ஷெல் அதையே டாலர் குறியும் அடைப்புக்குறியுமாக மாற்றியது. இப்போது எல்லோரும் எழுதுவது அதைத்தான். அப்படிப் பிடிக்கும்போது கடைசியில் வரும் வெற்று வரிமுறிவுகளை ஷெல் வெட்டிவிடும். பெரும்பாலும் அது நமக்கு உதவிதான்.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் முகம் காட்டத் தொடங்குகிறது. கோப்புப் பட்டியல் காட்டுகிற எல்எஸ் கட்டளையை எல்லோரும் அடித்திருப்பீர்கள். திரையில் பெயர்கள் பல நிரல்களாக, நிறம் நிறமாக வரும். அதையே ஒரு மாறிக்குள் பிடித்துப் பாருங்கள். ஒரு பெயர், ஒரு வரி. நிரலும் இல்லை, நிறமும் இல்லை. ஏன்? எதிரில் இருப்பது முனையமா, இன்னொரு செய்நிரலா என்று அந்தக் கட்டளை முதலில் பார்த்துக்கொள்கிறது. பார்க்கிறது மனிதர் என்றால் ஒரு விதம், செய்நிரல் என்றால் வேறு விதம். எக்ஸ்பெக்ட் போன்றவை ஒரு போலி முனையத்தை இடையில் வைத்து அதை நம்பவைத்து, மனிதருக்குக் காட்டுவதையே வாங்கும். அப்போது நிறமும் சேர்ந்தே வரும். நிறம் என்பது என்ன? 27ஆம் எண்ணுள்ள தப்பிக்கும் குறி, ஒரு சதுர அடைப்பு, 31 என்ற எண், ஆங்கிலச் சிறிய எம். இவ்வளவும் சேர்ந்தால்தான் சிவப்பு. மாறியைத் திறந்து பார்த்தால் எண்ணுக்கு முன்னால் இந்தக் குப்பை கிடக்கும். வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத வண்டி திரும்பல் குறி ஒன்றும் ஒட்டியிருக்கும். 34 என்று தெரிகிற மாறியும் 34 என்று நீங்கள் அடித்ததும் சமமில்லை என்று பைதன் சொல்லும். பிள்ளைகள் அந்த இடத்தில் மணிக்கணக்காகத் திகைத்து நிற்பார்கள்.

குப்பையை வெட்டி எறிவது எளிது. எறியும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த எண்ணை ஏன் சிவப்பில் காட்டினார்கள்? தவணை தப்பிய கடன் என்பதற்காகக் காட்டியிருந்தால், வெட்டி எறிந்தது நிறத்தை மட்டுமில்லை, ஒரு செய்தியையும்.

இனித் தமிழுக்கு வருவோம். நான் இதுவரை சொன்னது முழுவதும் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்கந்தபுரம். இதில் எத்தனை எழுத்து? ஸ், க, ந், த, பு, ர, ம் என்று ஏழு. முதலாம் வகுப்புப் பிள்ளையும் ஏழு என்று சொல்லும். யுனிகோட்டில் புள்ளிக்கு ஒரு குறி, உகரத்துக்கு ஒரு குறி தனித்தனியாக உண்டு. அப்படிப் பார்த்தால் மூன்று புள்ளியும் ஓர் உகரமும் சேர்ந்து 11. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு, ஆக 33. திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும்? பழைய அகல அட்டவணையைப் பின்பற்றுகிற டெர்மினல்கள் புள்ளிக்கு இடம் கொடுப்பதில்லை, உகரத்துக்கு ஒரு கட்டம் கொடுக்கும். ஆகவே எட்டு. ஏழு, எட்டு, பதினொன்று, முப்பத்து மூன்று. ஒரே ஊர், நான்கு நீளம். 21ஆம் நிரலிலிருந்து 10 எழுத்தை எடு என்று சொன்னால், இதில் எந்தக் கணக்கில் பத்து?

இன்னும் ஒன்று. சொற்களைப் பிடிக்க எல்லோரும் பயன்படுத்துகிற கோலம் ஒன்று பைதனில் உண்டு: பின்சாய்கோடு, ஆங்கிலச் சிறிய டபிள்யூ, பக்கத்தில் கூட்டல் குறி. அடுத்தடுத்து வரும் எழுத்துகளையெல்லாம் ஒரு சொல்லாக எடு என்று அதற்கு அர்த்தம். பைதனோடு வருகிற ஆர்இ தொகுதியில் அதைக் கொண்டு ஸ்கந்தபுரம் என்ற பெயரைப் பிடித்தால் நான்கு துண்டு வரும்: ஸ, கந, தப, ரம. புள்ளியையும் உகரக் குறியையும் அது எழுத்தாகக் கொள்வதில்லை. அவை வருகிற இடமெல்லாம் சொல் முடிந்தது என்று நினைத்து வெட்டிவிடும். இன்று வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். வழியில்லாமல் இல்லை. ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுதியில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டால் ஒரு முழு எழுத்தை, அதன் புள்ளியோடும் கொம்போடும் எடுக்கும். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் தொகுதி, சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். அவர்தான் தமிழிலேயே செய்நிரல் எழுதுவதற்கான எழில் மொழியையும் செய்தவர்.

பழைய கோப்புகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வில்லங்கம் இருக்கிறது. எங்கள் பக்கத்து அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் எத்தனையோ ஆண்டு பாமினி எழுத்துருவில்தான் தமிழ் அடித்தோம். அதில் ‘அம்மா’ என்று திரையில் தெரிகிறது. கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா இல்லை. அப்படிப்பட்ட திரையிலிருந்து நகலெடுத்து மாறிக்குள் போட்டால் எம், கே, அரைப்புள்ளிதான் வந்து நிற்கும். வரிசைப்படுத்தினால் அகரவரிசை வராது, தேடினால் கிடைக்காது. யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகே எதையும் செய்ய முடியும். போரில் பத்திரங்களை இழந்த மக்களின் பெயர்களைத் தேடுகிற நாட்டில் இது வெறும் எழுத்துருப் பிரச்சினையாக நிற்காது.

நல்ல செய்தியும் உண்டு. 2008இல் வந்த பைதன் 3இலிருந்து மாறிகளின் பெயரையே தமிழில் வைக்கலாம். நீர்மட்டம் சமன் 34 என்று எழுதினால் ஓடும். பேஷ் ஷெல்லில் அது முடியாது. எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு, முக்கியமாகத் தங்கள் ஊர்த் தரவை வைத்து எழுதும்போது, மாறிப் பெயரைத் தமிழில் வைக்கச் சொல்வேன். எதைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது அப்போது தெளிவாக நிற்கும்.

நீர்மட்டம் என்று சொன்னதால் அதிலேயே நிற்கிறேன். இரணைமடுக் குளத்தின் மட்டத்தை நாம் எல்லோரும் அடியில்தான் சொல்கிறோம். 34 அடியாக இருந்த கொள்மட்டத்தைப் புனரமைப்பில் 36 அடியாக உயர்த்தினார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த எண் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் குளத்தில் மட்டம் அளக்கிற கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கருவியின் வயரைக் கணினியில் செருகி டெர்மினலைத் திறந்தால் நிமிடத்துக்கு ஒரு வரி வருகிறது. அதிலிருந்து எண்ணை மட்டும் பிடித்து மாறிக்குள் போடுகிறீர்கள். நாளைக்குக் கருவியை மாற்றுகிறார்கள். புதியது மீற்றரில் காட்டுகிறது. 34 அடி என்பது ஏறக்குறைய 10.4 மீற்றர். உங்கள் மாறியில் 10.4 என்று விழும். குளம் வற்றிவிட்டது என்று செய்நிரல் நினைக்கும். எண் சரி, பிடித்த இடம் சரி, பிடித்த நேரமும் சரி. அலகைப் பிடிக்காமல் விட்டோம்.

எண்ணைத் தனியாகப் பிடிக்காதீர்கள். எந்தக் குளம், என்ன அலகு, எத்தனை மணிக்கு, எந்தத் திரையிலிருந்து அல்லது கருவியிலிருந்து என்ற நான்கையும் எண்ணோடு சேர்த்து ஒரே மூட்டையாக வையுங்கள். பைதனில் அதற்கு அகராதி அமைப்பு இருக்கிறது. மறுபடி பயன்படுத்துவது என்றால், எழுதியவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ஆறு மாதத்துக்குப் பின், வேறொருவர் பயன்படுத்துவது. அவருக்கு 34 மட்டும் போதாது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் அமைப்பு கூடிப் பேசுகிற இடத்துக்கு அந்த எண் போகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

முழுத் திரையையும் பிடிப்பது சுலபம் என்பதற்காக எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அதை நான் ஏற்க மாட்டேன். ஒரு வாடிக்கையாளரின் மீதியைத் தேடிப் போன செய்நிரல், அதே திரையில் இருந்த முகவரி, அடையாள அட்டை, குடும்ப விபரம் எல்லாவற்றையும் கோப்பில் கொட்டி வைத்தால், அந்தக் கோப்பை யார் காப்பது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பெயர்ப் பட்டியல் ஒன்று யாருடைய கையில் போனால் என்ன நடக்கும் என்பதை வன்னி மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வேண்டிய புலத்தை மட்டும் எடுங்கள். வேலை முடிந்ததும் அழியுங்கள். கடவுச்சொல் அடிக்கிற நேரத்தில் பதிவை நிறுத்துங்கள்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் நான் சொன்னதை எனக்கு விளங்கவைத்தது அவருடைய வேலைதான். பெயர் டி.வி. ராமன். இந்தியர். 14 வயதில் பார்வையை முழுதாக இழந்தார். பூனாவில் கணிதம் படித்து, பம்பாய் ஐஐடியில் கணினி படித்து, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்டு விளங்கிக்கொள்ள ஒரு முறை செய்ததுதான் அவருடைய ஆய்வு.

பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்கள் அப்போதே இருந்தன. டாஸ் காலத்தில் திரை என்பது கணினி நினைவில் ஒரு சிறு பகுதி. 80 நிரல், 25 நிரை, கட்டத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட்டு, நிறத்துக்கு ஒரு பைட்டு, மொத்தம் 4000 பைட்டு. திரைவாசிப்பான் அங்கிருந்து எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து வாசித்துக் காட்டும். நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே வேலைதான். மாறிக்குப் போகாமல் காதுக்குப் போகிறது. ஆனால் ஒரு மாத நாட்காட்டியைத் திரையில் காட்டுகிறபோது அது என்ன வாசிக்கும்? ஏழு கிழமைகளின் பெயர், பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முப்பத்தொன்று வரை. கண்ணால் பார்ப்பவர் எண்ணுக்கு மேலே இருக்கிற கிழமையை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். கேட்பவருக்கு எண்கள் மட்டும் கிடைக்கும், கிழமை கிடைக்காது.

ராமன் 1995இல் ஈமேக்ஸ்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். திரையில் வந்து விழுந்த எழுத்துகளை அவர் பொறுக்கவில்லை. ஈமேக்ஸ் என்ற செயலிக்குள்ளே புகுந்து, நாட்காட்டிப் பகுதியில் சுட்டி நகர்கிறபோது அந்தச் செயலிக்கே தெரிந்திருக்கிற திகதியை வாங்கி, கிழமை, மாதம், நாள், ஆண்டு என்று முழுதாகச் சொல்லவைத்தார். தலைப்பு வேறு குரலில் வரும், குறிப்புரை வேறு குரலில் வரும். திரையில் நிறம் சொன்னதை அங்கே குரல் சொல்கிறது. இன்றுவரை அதை அவர் பராமரித்து வருகிறார்.

எங்கள் தொழிலுக்கு இதில் மிகப் பெரிய பாடம் இருக்கிறது. பின்னால் போக வழியிருந்தால் திரையைப் பிடிக்காதீர்கள். தரவுத்தளத்தைக் கேளுங்கள், ஏற்றுமதிக் கோப்பைக் கேளுங்கள், அதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். எந்தக் கதவும் திறக்காதபோது திரையைப் பிடியுங்கள். அப்படிப் பிடிக்கிறபோதும் ராமன் கேட்டதையே கேளுங்கள்: திரையைப் பார்க்கிற மனிதர் எழுத்தைத் தவிர வேறு எதையெல்லாம் சேர்த்துப் பார்த்து இதை விளங்கிக்கொள்கிறார்? தலைப்பு, நிறம், பக்கத்துச் சிட்டை, கீழே இருக்கிற கடிகாரம். அதையும் மாறிக்குள் கொண்டுவாருங்கள்.

போரில் பார்வை போனவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களை அறிவீர்கள். ஈஸ்பீக் என்ஜி என்ற இலவச மென்பொருளில் தமிழ்க் குரல் இருக்கிறது. இயந்திரக் குரல்தான், கரடுமுரடானது, ஆனால் விளங்கும். குளத்தின் பெயர், மட்டம், அலகு, நேரம் என்ற நான்கு மாறிகள் கையில் இருந்தால், ‘இரணைமடு, காலை ஆறு மணி, முப்பத்து நான்கு அடி’ என்று ஒரு வாக்கியம் கட்டி அந்தக் குரலிடம் கொடுக்கலாம். பைதனில் பத்துப் பதினைந்து வரிதான் வரும். பழைய மடிக்கணினி போதும், இணையமும் தேவையில்லை. இந்த மண்டபத்தில் இருக்கிற பிள்ளைகளில் இரண்டு பேர் அதைத் தொடங்கினால் நான் கூட இருந்து உதவுகிறேன். அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. அங்கே படிக்கிற இந்த ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பை, பார்வையில்லாத ஒருவரிடம் கொடுத்து, எந்தத் தகவல் முதலில் வரவேண்டும், எது தேவையில்லை என்று கேட்டுத்தான் திருத்த வேண்டும்.

இனிக் கேள்விகளைக் கேளுங்கள். அடையாள அட்டை இலக்கக் கணக்கைப் பற்றி முன்வரிசையில் ஒரு தங்கச்சி நடுவிலேயே கையுயர்த்தினார். அவரிலிருந்து தொடங்குவோம்.